அசன அடுப்பில் வேகாத பற்கள்

கடல் ஒரு பக்கமும் உப்பளம் மறுபக்கமுமாக நெருக்க, நடுவில் ஒரு நீளத் தெரு, ஒரு சந்தியாகப்பர் கோயில், ஒரு மீன் ஏலக்கூடம் இவ்வளவையும் வைத்துக்கொண்டு சங்கன்துறை என்றோர் ஊர் கிடந்தது. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் ஊறியது என்பதால் குடிக்கும் தண்ணீர் லாரியில் வந்தது, லாரி வராத நாளில் ஊரே உதட்டை நனைத்துக்கொண்டு காத்திருந்தது, ஒரு செம்பு நல்ல தண்ணீரைக் கீழே கொட்டியவனைப் பற்றி அடுத்த ஆடி வரைக்கும் பேசியது.

ஆடியில் சந்தியாகப்பர் திருவிழா. அதன் முடிவில் அசனம். ஊரே கூடிச் சமைத்து ஊரே கூடி உண்ணும் விருந்து, முதல் நாள் வெளியூர்க்காரர்களுக்கு, மறுநாள் ஊர்க்காரர்களுக்கு. அசனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பங்குச்சாமியார் வந்து சோற்றையும் ஆட்டுக்கறியையும் மந்திரித்துவிட்டால் அதன் பிறகு எந்த அடுப்பிலும் எந்தப் பாத்திரமும் இருக்கக் கூடாது. மந்திரித்த பின்னும் தீயில் நிற்கிற பானை "போதாது, போதாது" என்று முணுமுணுக்குமாம். புனிதர் கொடுத்ததைப் போதாது என்று சொல்லலாமா? ஆகவே கோயில் மணி அடித்ததும் வாலிபர்கள் ஓடிப்போய் எல்லா அண்டாக்களையும் இறக்கிவிடுவார்கள், உள்ளே இருப்பது வெந்திருந்தாலும் வேகாவிட்டாலும்.

அசனப் பந்தலின் ஓரத்தில் ஒரு தனிப் பந்தி இருந்தது. அதற்குப் பல்லில்லாப் பந்தி என்று பெயர். அங்கே உட்கார்ந்தவர்களுக்குக் குழையப் பிசைந்த ரசச் சோறு மட்டும் கொடுப்பார்கள், எலும்பு கடிக்கிற சத்தம் மற்ற பந்திகளிலிருந்து அவர்கள் காதுக்கு வரும், அவர்கள் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்துபோவார்கள். தொம்மையும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்தார்.

தொம்மை வலை முடைகிறவர். அவருடைய மனைவி பிலோமி ஏலக்கூடத்தில் மீன் ஏலம் கூறுகிறவள். பிலோமி கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ஒருதரம், ரெண்டுதரம் என்று அவள் கூறிவிட்டால் பிறகு கடலே எழுந்து வந்து கேட்டாலும் அந்த மீனைத் திருப்பி எடுக்க மாட்டாள். தொம்மையோ பேசுவதே இல்லை. கல்யாணமான புதிதில் ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறார், பாதியிலேயே மீதியை அவள் சொல்லிவிட்டாள், அது சரியாகவும் இருந்தது, அதனால் அவர் விட்டுவிட்டார். "வீட்டுக்கு ஒரு வாய் போதும்லா," என்று கேட்பவர்களிடம் சொல்வார். அதைச் சொன்ன பிறகு அன்றைக்கு வேறெதுவும் சொல்ல மாட்டார். பல் விழுந்த பிறகு அந்த ஒரு வாக்கியமும் குறைந்துபோயிற்று.

ஒரு வருஷம் ஊர்க் கமிட்டி கூடி, இந்த ஆடியில் பல்லில்லாப் பந்தியே இருக்கக் கூடாது, எல்லாருக்கும் பல்செட்டு செய்து கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தது. வாரம் ஒருமுறை பக்கத்து ஊரிலிருந்து வரும் பல் டாக்டர் மெகராஜ் பானு எல்லாருடைய வாயையும் அளவெடுத்தார். அவருக்கு அப்போது நிறைமாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு போகுமுன் பல்செட்டு செய்யும் கஸ்பாரிடம், "அவசரப்படாதீங்க அண்ணே. நல்லா வேகட்டும். வெந்த பிறகு நல்ல தண்ணியில ஊறட்டும். அப்புறம் கொடுங்க," என்றார். கஸ்பாருக்குத் தெரியாததல்ல. பொடியையும் நெடியடிக்கிற திரவத்தையும் குழைத்து மாவாக்கி, அச்சில் அடைத்து, பித்தளைப் பெட்டியில் இறுக்கி, தண்ணீரில் இட்டு மெள்ளச் சூடேற்றி வேகவைக்க வேண்டும். அவர் எத்தனையோ வாய்களுக்கு அப்படித்தான் செய்திருந்தார்.

ஆனால் திருவிழா நெருங்கிவிட்டது, கஸ்பாரின் சிறிய பாத்திரத்தில் எல்லாப் பெட்டிகளும் கொள்ளாது, ஊரிலிருந்த நல்ல தண்ணீர் முழுவதும் அசனச் சமையலுக்குப் போய்விட்டது. அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. முதல் நாள் அசன அடுப்பு வரிசையின் கடைசியில் ஓர் அண்டாவைக் கேட்டு வாங்கி, உப்புத் தண்ணீரையே ஊற்றி, பித்தளைப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏற்றினார். மேலே இருந்த பெட்டி பாதி தண்ணீருக்கு வெளியே நின்றது. சப்பரத்தின் முன்கொம்பைத் தோளில் தாங்குவது கஸ்பார் குடும்பத்தின் உரிமை என்பதால் அவர் சப்பரம் தூக்கப் போனார். சப்பரம் தெருக்கோடியில் திரும்பும்போது பங்குச்சாமியார் மந்திரித்தார், மணி அடித்தது, வாலிபர்கள் ஓடினார்கள், எல்லா அண்டாக்களும் இறங்கின.

கஸ்பார் திரும்பி வந்தபோது சோறு பூவாக வெந்திருந்தது. சோறு வெந்துவிட்டது, மந்திரித்தும் ஆயிற்று, இனி எது வேகாமல் இருக்கும் என்று அவர் நினைத்தார். பெட்டிகளைத் திறந்தார். பற்கள் இறுகித்தான் இருந்தன. சின்னதாக ஒரு நெடி வந்தது, ஆனால் ஊர் முழுக்க நெய்ச்சோற்று மணம் பரவியிருந்த நாளில் அந்த நெடிக்கு யார் மூக்கைக் கொடுப்பார்கள்? ஊறவைக்கத் தண்ணீர் இல்லை. தேய்த்தார், மெருகேற்றினார், மறுநாள் எல்லார் வாயிலும் மாட்டிவிட்டார். பாதி வெளியே நின்ற பெட்டியிலிருந்தது தொம்மையின் பல்.

அன்றைய அசனத்தில் பல்லில்லாப் பந்தி இல்லை. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். தொம்மை ஓர் எலும்பைக் கடித்தார், மஜ்ஜையை உறிஞ்சினார், கையை இலையில் வைத்துவிட்டு, "நல்லாருக்கு," என்றார். அந்தச் சொல்லோடு அவர் வாயிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஓர் இளஞ்சிவப்பு மேகம் வந்தது. அது இலைக்கு மேலே சற்று நின்று, பிறகு பந்தல் கூரையை நோக்கி மெதுவாகப் போயிற்று.

"மோர் ஊத்தவா?" என்று பரிமாறியவன் கேட்டான்.

"ஊத்து," என்றார் தொம்மை. இன்னொரு மேகம் வந்தது.

அன்று பல் மாட்டிய எல்லாருக்கும் மேகம் வந்தது. சிலருக்குச் சுண்டைக்காய் அளவு, சிலருக்கு நெல்லிக்காய் அளவு. தொம்மைக்குத்தான் பெரிது, இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் தேங்காய் அளவுக்கு வந்தது. ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம் இப்படி: முதலில் பெண்கள், வெள்ளைத் துணி காயும் கொடியருகே இவர்களை உட்காரவைக்கக் கூடாது, சாயம் ஒட்டுகிறது என்று ஒரு விதி செய்தார்கள். பிறகு அந்தச் சாயம் அழகாக இருக்கிறது என்று கண்டு, உட்காரவைக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். முதன்முதலாக நற்கருணை பெற, புதுநன்மை வாங்கப் போகும் சிறுமிகள் கோயில் வாசலில் வரிசையாக நிற்க, மேகக்காரர்கள் இரு பக்கமும் உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள், சிறுமிகளின் வெண்முக்காடுகளில் ரோஜா நிறம் படிந்தது. கல்யாணப் பந்தல்களுக்கு அவர்களை அழைத்தார்கள். பொய் சொன்னால் மேகம் கறுக்கும் என்று எதிர்பார்த்துச் சிலர் சோதித்துப் பார்த்தார்கள். பொய்க்கும் அதே இளஞ்சிவப்புதான் வந்தது, அதில் சில மனைவிமாருக்கு ஏமாற்றம். பிள்ளைகள், "புதுப் பொம்மை வாசம் அடிக்குது," என்றார்கள். அது நகப்பூச்சு வாசம் என்று பெரிய பெண்கள் திருத்தினார்கள்.

மேகம் நின்ற இடத்தில் ஈ வரவில்லை. மீன் ஏலம் நடக்கும் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? தொம்மையை ஏலக்கூடத்துக்கு அழைத்துவந்து, மீன் குவியலுக்கு அருகே ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஈ இல்லாத மீனை வெளியூர் வியாபாரிகள் போட்டி போட்டுக் கேட்டார்கள். ஈ மொய்க்கவில்லை என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஈ ஏன் மொய்க்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஏதாவது பேசும்வே தொம்மை," என்பார்கள்.

"என்னத்தப் பேச?"

"என்னத்தையாவது. காத்தப் பத்திச் சொல்லும்."

தொம்மை காற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வாடைக் காற்று எப்படித் தலைமுடியின் பின்பக்கத்தில் முதலில் தெரியும், கொண்டல் எப்படி வலைக்கயிற்றைத் தளர்த்தும், கச்சான் திரும்புவதற்கு முன் நண்டுகள் எந்தப் பக்கம் பார்த்து உட்காரும் என்றெல்லாம், மனைவி பேசிய காலமெல்லாம் அவர் பார்த்துச் சேர்த்துவைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கூட்டம் கூடிற்று. முன்னால் இருப்பவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள், பின்னால் இருப்பவர்கள் மறைக்காதே என்றார்கள். அவர்கள் மேகத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒரு மனிதர் பேசும்போது இத்தனை முகங்கள் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தால், அவை வாயைப் பார்க்கின்றனவா வாய்க்கு மேலே பார்க்கின்றனவா என்று அவர் எதற்குப் பிரித்துப் பார்க்கப் போகிறார்?

பிலோமிதான் முதலில் கவனித்தாள். வீட்டுப் பூனை கொழுத்துக்கொண்டு வந்தது. அவள் தட்டில் வைக்கும் மீன் துண்டு பூனைக்குப் போயிற்று, சோறு கோழிக்குப் போயிற்று, தொம்மை கஞ்சித் தண்ணீரை ஆறவைத்துக் குடித்தார்.

"என்னங்க, சாப்பிடலையா?"

"பசிக்கல."

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று வலைக்கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் தலையணை உறையில் ரத்தக் கறை இருந்தது. பிலோமி அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய், தாடையைப் பிடித்து, வாயைத் திறக்க வைத்தாள். மேல்வாய் முழுக்கச் செக்கச்செவேலென்று வெந்ததுபோல் இருந்தது, ஈறுகளில் வெள்ளை வெள்ளையாகப் புண், நாக்கின் ஓரம் தோலுரிந்திருந்தது.

"எரியுதா?"

"கொஞ்சம்போல."

"கொஞ்சமா? மொளகாய அரைச்சுத் தடவினாப்புல இருக்கு. கழத்துங்க அத."

தொம்மை பல்லின்மேல் உதட்டை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார்: "கழத்தினா யாரு வந்து உக்காருவா, பிலோமி?"

வாசலில் அந்த மேகம் பெரிதாக நின்றது. பிலோமி அவர் தாடையை விட்டாள்.

அவர் அயர்ந்த நேரம் பார்த்துக் தூங்குமுன் கழற்றிக் கிண்ணத்தில் போட்டிருந்த பல்செட்டை எடுத்துக்கொண்டு அவள் கஸ்பார் வீட்டுக்குப் போனாள். போகும் வழியில், மீனின் செவுளைப் பிரித்து மோந்து பார்ப்பது போல அதை மோந்து பார்த்தாள்.

"கஸ்பாரு, இத மோந்து பாரு."

"என் கையால செஞ்ச பல்ல எங்கிட்டயே மோந்து பாக்கச் சொல்லுதியளா மைனி? ஊரே கொண்டாடுது."

"ஊரு வாய்க்குள்ள அது இல்லயே. மோந்து பாரு."

கஸ்பார் மோந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்த திரவப் பாட்டிலைத் திறந்து அதையும் மோந்து பார்த்தார். மறுபடி பல்லை. அவர் முகம் மாறியது.

"இந்த வாடை பாட்டில்லதான் இருக்கணும்," என்றார். "பல்லுல இருக்கப்படாது."

டாக்டர் மெகராஜ் பானு கைக்குழந்தையோடு திரும்பி வந்த வாரம் அது. அவர் மேகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தெருவில் இறங்கியதுமே மூன்று மேகங்கள் அவர் குடையில் மோதின. ஆனால் அவர் பல்லைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் வெந்தது?" இரண்டாவது கேள்வி, "இவர் சாப்பிடுறாரா?" இந்த இரண்டையும் இத்தனை நாளில் ஊரில் யாரும் கேட்டிருக்கவில்லை.

கஸ்பார் எல்லாவற்றையும் சொன்னார். அண்டா, அடுக்கு, சப்பரம், மணி, ஊறவைக்காத பற்கள்.

"பொடியும் திரவமும் ஒண்ணாச் சேர்ந்து கெட்டியாகணும்," என்றார் டாக்டர், பிலோமியிடம். "முழுசா வெந்தா அந்தத் திரவம் பெரும்பாலும் பல்லாவே மாறிடும், அப்புறம் அதனால பயமில்ல. பாதியில இறக்கினா மாறாத திரவம் உள்ளேயே தங்கும். எச்சில் பட்டுப் பட்டுக் கொஞ்சங்கொஞ்சமா வெளிய வரும். இவர் வாய் அதுலதான் நாள் முழுக்க ஊறிக்கிட்டு இருக்கு."

"அப்ப அந்த மேகம்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. புண்ணு தெரியும்."

மறுநாள் மாலை ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. பற்களைத் திரும்ப வாங்கி வேகவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் சலசலப்பு எழுந்தது. கமிட்டித் தலைவர் கர்வாலியோ எழுந்தார். "சந்தியாகப்பர் மந்திரிப்புல வந்த மேகம். அத நாம திரும்ப அடுப்புல ஏத்துறது, குடுத்தது போதாதுன்னு சொல்லுததா ஆகாதா?"

"அடுத்த வாரம் என் மவ கல்யாணம் இருக்கு," என்றாள் ஒருத்தி. "அது முடிஞ்ச பொறவு வேகவைங்களேன்."

"ஈ திரும்ப வந்தா மீன யாரு வாங்குவா?" என்றான் ஒருவன். "பிலோமியக்கா வாங்குவாவளா?"

டாக்டர் வாதாடவில்லை. குழந்தையைப் பிலோமியின் மடியில் விட்டுவிட்டு, மேகக்காரர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, பல்லைக் கழற்றச் சொன்னார். பையிலிருந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்துக் கர்வாலியோவின் கையில் கொடுத்தார்.

"நான் பார்த்துட்டேன் ஐயா. நீங்க பாருங்க."

கர்வாலியோ குனிந்து முதல் வாயைப் பார்த்தார். அது அவருடைய அக்காள் வாய். "ஏன்க்கா சொல்லல?" என்றார்.

"நீதான புதுநன்மைக்கு வந்து செபமால சொல்லச் சொன்ன," என்றாள் அக்காள், பல்லில்லாத வாயால். அவள் மேலே ஒன்றும் எழவில்லை. சொல் மட்டும் வந்தது.

டார்ச் கைமாறியது. கல்யாண வீட்டுக்காரி பார்த்தாள், ஈக்குப் பயந்தவன் பார்த்தான், பங்குச்சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், மேகத்தைப் பார்த்து அத்தனை நாள் அண்ணாந்திருந்த கழுத்துகளெல்லாம் ஒவ்வொன்றாகக் குனிந்து அந்த மேகங்கள் வந்த இடத்தைப் பார்த்தன. பங்குச்சாமியார் நிமிர்ந்து, "வேகாதத எறக்கச் சொல்லிச் சந்தியாகப்பர் எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல," என்றார். "மணி அடிச்சது நான்தான்."

அன்று லாரி வந்த நாள். வீட்டுக்கொரு குடம் நல்ல தண்ணீர் ஏலக்கூடத்துக்கு வந்தது. யாரும் கேட்டு வாங்கவில்லை, தலையிலும் இடுப்பிலும் தூக்கிவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். கொதிக்கவிட்டால் பற்கள் கோணிவிடும் என்று டாக்டர் சொன்னதால், கை பொறுக்காத சூடு, ஆனால் குமிழி எழாத சூடு என்று கஸ்பார் தீயின் முன்னால் உட்கார்ந்து காத்தார், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார், பிறகு சூடில்லாத தண்ணீரில் ஊறவிட்டார். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அண்டாவிலிருந்து ஓர் இளஞ்சிவப்பு மேகம் எழுந்து உப்பளத்துப் பக்கம் போயிற்று. முதல் மேகம் தென்னை உயரம் இருந்தது. கடைசி மேகம் கடுகளவு. அதற்குப் பிறகு வெறும் ஆவி.

தொம்மையின் பல் மட்டும் அந்த அண்டாவுக்குள் போகவில்லை. அதை டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்து, "இது தேறாது. புதுசாத்தான் செய்யணும். அதுக்கு முன்ன புண் ஆறணும்," என்றார். தொம்மை அதைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"குடுங்க," என்றாள் பிலோமி.

அவர் தலையசைத்தார், மாட்டேன் என்று.

"நான் வந்து உக்காருதேன்," என்றாள் அவள். "தெனமும். நீங்க பேசுங்க, நான் கேக்கேன்."

தொம்மை அவளைப் பார்த்தார். பிறகு பல்லில்லாத வாயால் சிரித்தார். "நீ உக்காந்தா நீயில்லா பேசுவ," என்றார். ஆனால் கையைத் திறந்தார்.

புண் ஆறும்வரை ஏலம் முடிந்ததும் பிலோமி வீட்டுக்கு வந்து, வலைக் குவியலின் மறுபக்கம் உட்கார்ந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பல்லில்லாத மனிதர் பேசுவது மெதுவாக இருக்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஓர் அலை வந்து போகும். அந்த இடைவெளியில் மீதியை எடுத்துச் சொல்லிவிட அவளுக்கு நாக்கு துடித்தது. பொறுத்துக்கொண்டாள். அவள் நினைத்துவைத்திருந்த மீதி பெரும்பாலும் தவறு என்று அப்போதுதான் தெரிந்தது.

கஸ்பார் புதுப் பல்லைத் தன் சிறிய பாத்திரத்தில் தனியாக வேகவைத்தார். அப்போது கோயில் மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

புதுப் பல் வந்தது. அதில் வாசம் இல்லை. தொம்மை பேசினார், மேகம் வரவில்லை. ஏலக்கூடத்து முக்காலியை யாரோ ஐஸ்பெட்டிக்கு அடியில் முட்டாகக் கொடுத்திருந்தார்கள், ஈக்கள் திரும்பி வந்திருந்தன, தென்னையோலை விசிறியோடு இரண்டு பெண்கள் ஈயோட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றைப் பற்றிக் கேட்க இரண்டு வள்ளக்காரர்கள் மட்டும் இப்போதும் அவர் வலைமுடையும் இடத்துக்கு வந்தார்கள். அது போதும் என்று அவர் சொன்னார்; சொன்னபோது முகம் சற்று வாடியிருந்தது.

ஒருநாள் காலையில் நல்ல மீன்பாடு. பிலோமி குவியலின் நடுவில் நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு சீலா மீன், வெள்ளியை உருக்கி வார்த்தது போல. வெளியூர் வியாபாரி ஒருவன் கடைசி விலை கேட்டு நின்றான்.

"ஒருதரம்," என்றாள் பிலோமி. "ரெண்டுதரம்."

கூட்டத்தின் பின்னால், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில், யாரோ ஏதோ சொன்னார்கள். சின்னக் குரல். ஐஸ் உடைக்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, யாரும் திரும்பவில்லை. பிலோமி வாயைத் திறந்தபடியே நின்றாள். பிறகு கையை உயர்த்தினாள். ஐஸ் உடைப்பவன் சம்மட்டியைத் தாழ்த்தினான், ஈயோட்டும் பெண்கள் விசிறியை நிறுத்தினார்கள், ஏலக்கூடத்தில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க? இன்னொருக்கச் சொல்லுங்க," என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் தொம்மை. எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டதால் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பசிக்குது. அதுல ஒரு துண்டு வீட்டுக்கு எடுத்து வையின்னு சொன்னேன்."

பிலோமி குனிந்து சீலாவின் வாலைப் பிடித்து முழு மீனையும் தூக்கித் தன் கூடைக்குள் போட்டாள்.

"ஏம்மா, ரெண்டுதரம் கூறியாச்சே," என்றான் வியாபாரி. "இதெந்த ஊர்ச் சட்டம்?"

"அவரு பேசினாருல்லா," என்றாள் பிலோமி. "உனக்குக் கேக்கலையா?"

பிறகு அடுத்த மீனுக்குக் குனிந்தாள்.